ரம்மியையும் மைன்கிராஃப்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கைப்பேசி விளையாட்டுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டவரையும் வீட்டில் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுகிற பள்ளிக்கூடப் பையனையும் ஒரே பத்தியில் போட்டு, எல்லாமே மூளையை மழுங்கடிக்கும் என்று முடித்துவிட்டீர்கள். 2025-ல் வந்த மத்திய அரசின் சட்டம்கூடப் பணம் கட்டி ஆடுவதைத் தனியே பிரித்துத்தான் தடை செய்தது.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்தி ஓய்வுபெற்றவன். லாஜிக் கேட் (உள்ளே வரும் சிக்னல்களைப் பொறுத்து வெளியே சிக்னல் விடும், அல்லது விடாத சர்க்யூட்) பாடம் வந்தாலே பாதிப் பேர், எந்தச் சிக்னலுக்கு என்ன விடை என்று காட்டும் ட்ரூத் டேபிளை மனப்பாடம் செய்துவிட்டுப் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள், டி மார்கன் விதியை ('இரண்டும் உண்டு' என்பதை 'இரண்டில் ஒன்றுகூட இல்லாமல் இல்லை' என்று மாற்றி எழுதலாம் என்பது) எழுதச் சொன்னால் எழுதுவார்கள், அது எதற்கு என்று கேட்டால் முழிப்பார்கள்.

கோடை விடுமுறைக்கு வந்த பேரன் (எட்டாம் வகுப்பு) கட்டைகளை அடுக்கிக் கட்டுகிற மைன்கிராஃப்ட் என்ற வீடியோ கேமில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு லிவரையும் (சுவிட்ச் மாதிரி ஒரு கைப்பிடி) போட்டால்தான் கதவு திறக்க வேண்டும், இதுதான் அவன் பிரச்சினை. அந்த ஆட்டத்தில் ரெட்ஸ்டோன் என்று ஒரு பொடி, நம் வயர் மாதிரி. தரையில் தூவிக்கொண்டே போனால் 15 கட்டம் வரை சிக்னல் போகும், அதற்கு மேல் வேண்டுமானால் நடுவில் ரிப்பீட்டர் வைக்க வேண்டும். ரெட்ஸ்டோன் டார்ச் என்று இன்னொன்று. அதைச் செருகியிருக்கும் கட்டைக்கு சிக்னல் வந்தால் அணைந்துவிடும், வராவிட்டால் எரியும், அதாவது சிக்னலைத் தலைகீழாக்கும் நாட் கேட். முதலில் இரண்டு லிவரையும் ஒரே வயரில் சேர்த்தான், எதைப் போட்டாலும் கதவு திறந்தது. மூன்று நாள் பிரித்துப் பிரித்துக் கட்டினான். கடைசியில் லிவருக்கு ஒரு டார்ச், அந்த இரண்டையும் ஒரே வயரில் சேர்த்து, வயரின் முடிவில் மூன்றாவது டார்ச். இரண்டும் வந்தால்தான் சிக்னல் விடும் ஆண்ட் கேட்! டி மார்கன் பெயரையே கேள்விப்படாத பையன். யூடியூபைப் பார்த்துச் செய்திருப்பானோ என்று வாத்தியார் புத்தி சந்தேகப்பட்டது, சரி, நாலு லிவர் வைத்துச் செய்துகாட்டு என்றேன், சாப்பிடக் கூப்பிடுவதற்குள் செய்துவிட்டான்.

எல்லா ஆட்டமும் இப்படி என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கிரீனும் பவேலியரும் 2003-ல் நேச்சர் இதழில் எழுதிய ஆய்வில், ஆட்டப் பழக்கமில்லாதவர்களை நாளுக்கு ஒரு மணி நேரம் 10 நாள் ஆட வைத்தார்கள். துப்பாக்கி ஆட்டம் ஆடியவர்களுக்குப் பார்வைக் கவனம் கூடியது, விழும் கட்டங்களை அடுக்குகிற டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு அந்த அளவு இல்லை. அமெரிக்காவிலேயே 9, 10 வயதுப் பிள்ளைகள் சுமார் 2,000 பேரை வைத்து 2022-ல் வந்த ஆய்வில், நாளுக்கு 3 மணி நேரமும் அதற்கு மேலும் ஆடுகிறவர்கள் நினைவாற்றல் சோதனையில் ஆடாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆட்டத்தால் வந்த பலனா, அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் ஆட வருகிறார்களா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள், அதையும் மறைக்கக் கூடாது. 3 மணி நேரம் எனக்கே அதிகமாகத்தான் படுகிறது. எங்கள் வீட்டில் ஒன்றரை மணி, அப்புறம் டேப்லெட் பாட்டியின் பீரோவுக்குள் போய்விடும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதுகிறவரை, ஆடுகிற பிள்ளையின் பக்கத்தில் அரை மணி உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். பேரன் இப்போது அதே டார்ச்சுகளை வைத்துக் கூட்டல் மெஷின் கட்டப்போகிறானாம். ஆடர் சர்க்யூட் பாடத்தை நான் இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
திருச்சி