பாட்டுக்குப் பொழிப்புரை வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கப் போகிறோம் என்று நீ சொன்னதும் அப்பாவுக்குக் கவலை வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1996ஆம் வருடத்துக் கல்விச் சட்டமே அதற்கு இடம் தருகிறது என்று மாப்பிள்ளை விளக்கிச் சொன்ன பிறகுதான் ஆறுதல் அடைந்தார். எனக்கு அந்தப் பயம் இல்லை. கதை, பாட்டு, படம் இவற்றிலிருந்து தொடங்கப்போகிறேன் என்றாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ சொன்ன ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் அம்மையாரைப் பற்றித் தேடிப் படித்தேன். உங்கள் கெண்டலிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கும் ஆம்பிள்சைடில்தான் 1892இல் அவர் ஆசிரியைகளுக்கான பயிற்சி இல்லம் தொடங்கியிருக்கிறார். ஆறு வயதுவரை முறையான பாடமே வேண்டாம், பிள்ளை வெளியே மரம் செடி பார்த்து வளரட்டும் என்கிறார். அப்புறமும் சின்னப் பிள்ளைக்கு ஒரு பாடம் இருபது நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாதாம். கதையை ஒரே ஒரு தடவை வாசித்துக்காட்டி, புத்தகத்தை மூடிவிட்டு, கேட்டதைப் பிள்ளையையே திருப்பிச் சொல்லவைக்க வேண்டுமாம்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். நாம் கேள்வி கேட்டால், நமக்கு எது முக்கியமோ அதை மட்டும்தான் பிள்ளை தேடும். தானாகச் சொல்லவிட்டால் அதன் மனதில் எது தங்கியது என்று தெரியும். ராஜாவை விட்டுவிட்டுக் குதிரையின் வாலைப் பற்றியே பேசினாலும் பேசட்டும். பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாக வந்தாலும் நடுவில் புகுந்து திருத்தாதே. அவன் முடித்த பிறகு, அதே கதையை நீ நல்ல தமிழில் ஒருமுறை சொல்லு, போதும்.

பாட்டுக்கும் இதேதான். நம்ம தேரூரில் பிறந்த கவிமணியின் வெள்ளைப்பசு பாட்டை எடுத்துக்கொள். ஒரு வரி பசுவில் முடியும், அடுத்தது கன்றுக்குட்டியில் முடியும். இரண்டு தடவை கேட்ட பிள்ளை மூன்றாம் தடவை நீ நிறுத்துகிற இடத்தில் தானே வரியை முடித்துவிடும். அப்படிப் பாதியில் நிறுத்தி நிறுத்திப் பாடு. அதில் விளக்குவதற்கு ஒன்றும் இல்லை. பசு நக்குகிறது, கன்று பால் குடிக்கிறது. ‘இதிலிருந்து என்ன தெரிகிறது?’ என்று ஒரு கேள்வி போட்டால் அந்த நிமிஷமே அது பரீட்சையாகிவிடும்.

ஆத்திசூடிக்கு மட்டும் பொருள் சொல்ல வேண்டுமே என்று நீ யோசிப்பாய். வேண்டாம் மக்களே. அது அகர வரிசையில் போவதால் எழுத்தும் பாட்டும் சேர்ந்தே மனதில் ஏறும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லித்தான் பிள்ளைகள் படித்தார்கள். அங்கே இருந்த அடியும் தண்டனையும் ஒருபோதும் வேண்டாம். ஆனால் சத்தமாகச் சொல்லிப் பழகுவதை மட்டும் விட்டுவிடாதே. ‘ஒப்புர வொழுகு’ என்று ஐந்து வயதில் சும்மா சொல்லிக்கொண்டு திரியட்டும். அதன் அர்த்தம் அவன் வளர வளரத் தானாகப் புரியும். பாரதியின் புதிய ஆத்திசூடியையும் கூடவே வை. இரண்டும் பல இடத்தில் ஒத்துப்போகாது. பெரியவனானதும் அதைப் பற்றி அவனே உன்னிடம் வாதாடட்டும்.

படம் பார்ப்பதில் மேசனின் வழி ரொம்பப் பிடித்தது. ஒரு பருவம் முழுக்க ஒரே ஓவியரின் ஏறக்குறைய ஆறு படம்தான். நன்றாகப் பார்க்கவேண்டும், கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்த்ததைச் சொல்லவேண்டும். அந்த ஊர் ஓவியர்களைத் தாராளமாகக் காட்டு. சித்தன்னவாசலையும் சேர்த்துக்கொள். புதுக்கோட்டைப் பக்கத்தில் சமணர் குடைந்த கோயிலின் கூரையில் ஒரு தாமரைக்குளம் வரைந்திருக்கிறார்கள். மீன், யானை, எருமை, பறவைகள், நடுவில் பூப்பறிக்கிறவர்கள் என்று கண் போகிற இடமெல்லாம் ஏதாவது இருக்கும். நல்ல படமாக அச்செடுத்து, அவன் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் ஒட்டு. எந்த நூற்றாண்டு, எந்த ராஜா என்பதெல்லாம் இப்போது வேண்டாம். யானையை அவனே கண்டுபிடிக்கட்டும்.

கோலத்துக்கு ஈர வாசல் வேண்டாம், கறுப்பு அட்டையும் சாக்பீஸும் போதும். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று வைக்கும்போதே எண்ண ஆரம்பித்துவிடுவான். சிக்குக்கோலத்தில் கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே சேர்கிறதா என்று பார்ப்பது நல்ல மூளைவேலை.

ஆனாலும் கணக்கைக் கோலத்தோடு நிறுத்திவிடாதே. ஆறு வயது ஆனதும் அதற்கென்று தினமும் தனி நேரம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அவனுக்கு விளையாட வேறு பிள்ளைகளும் வேண்டும். வாரத்தில் ஒரு மத்தியானமாவது மாப்பிள்ளை அவனை மலைப்பக்கம் கூட்டிக்கொண்டு போகட்டும், நீ உனக்குப் பிடித்ததைப் படி. அம்மா படிப்பதையும் அவன் பார்க்கவேண்டும் இல்லையா.

அழ. வள்ளியப்பா பாட்டுப் புத்தகங்களை அப்பா பார்சலில் அனுப்பியிருக்கிறார். வந்ததும் அவனையே பிரிக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவன் எனக்கு ஒரு கதை சொல்லட்டும். நான் கேட்டுக்கொள்கிறேன், நீ போய்க் கொஞ்சம் படுத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா