குட்டி யானையில் ஏறுமா?

ஈரோடு
20 அக்டோபர்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. ஊருக்கு நல்லபடியாக வந்து சேர்ந்ததை அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன், அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்றபடி லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பாய். அந்தச் சத்தம் எனக்கு இங்கே கேட்கும். காகிதத்தில் இருந்தால், அந்த அலமாரிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது எடுத்துப் படிப்பாய்.

வேளச்சேரியில் பத்து நாள் இருந்தேன். வீடு நல்ல வீடுதான். காற்று வருகிறது, தண்ணீருக்குக் கஷ்டமில்லை, ரயில் நிலையம் பக்கத்தில். ஆனால் குடி வந்து இரண்டு மாதம் ஆகியும் ஏழு அட்டைப்பெட்டிகள் பிரிக்காமலே ஹாலில் நிற்கின்றன. ஒன்றின் மேல் மிக்ஸி, இன்னொன்றின் மேல் சாமி படம். அந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரலாம் என்று போனேன். "அழுக்கும் இல்லம்மா, துவைச்சதும் இல்ல" என்று நீ சொன்ன துணிகள் எனக்கு முன்னாலேயே அதில் உட்கார்ந்திருந்தன. நான் கிளம்புகிற அன்றைக்கும் அவை எழுந்திருக்கவில்லை.

கடைசி ராத்திரி நீ போனில் ஒரு அலமாரி காட்டினாய். கண்ணாடிக் கதவு, 26,000 ரூபாய், அவர்களே வந்து மாட்டித் தருவார்கள் என்றாய். அப்போதே வேண்டாம் என்றால் உன் முகம் வாடிவிடும் என்று பேசாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன், வேண்டாம்.

விலைக்காகச் சொல்லவில்லை. அது மரமே இல்லை கண்ணு. மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. மேலே ஒட்டிய தாள்தான் தேக்கு மாதிரி தெரிகிறது. அதில் திருகாணி ஒரு தடவைதான் நன்றாகப் பிடிக்கும். வீடு மாறும்போது கழற்றி மறுபடி மாட்டினால் ஓட்டை உதிர்ந்து கதவு ஆட ஆரம்பிக்கும். அடிப்பக்கம் தண்ணீர் பட்டால் டீயில் நனைத்த ரொட்டி மாதிரி ஊதிவிடும். நீ இருப்பது தரைத்தளம், அதுவும் வேளச்சேரியில். 2015 டிசம்பரில் அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை டிவியில் பார்த்துக்கொண்டே இருந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே கதை. ஐப்பசி பிறந்து மூன்று நாள் ஆகிவிட்டது. இந்த நேரத்தில் மரத்தூள் பலகையைக் கொண்டுவந்து தரையில் நிறுத்துவார்களா?

உன் அப்பாவின் மாற்றல்களால் நாங்கள் ஏழு வாடகை வீடு பார்த்தவர்கள். அதில் நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு கேள்விதான்: இது குட்டி யானையில் ஏறுமா? வீடு காலி செய்யும் அன்று அந்தச் சின்ன லாரியில் நம்மோடு ஏறி வருவதற்குத்தான் காசு செலவழிக்க வேண்டும். சுவரோடு நின்றுவிடுவதற்கு ஐந்து பைசா கூடக் கூடாது. கரூரில் உன் அப்பா ஆசைப்பட்டு சமையலறையில் கடப்பாக் கல் பதித்து ஷெல்ஃப் கட்டினார். எட்டாவது மாதம் மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர்கள் அதில் ஊறுகாய் ஜாடி அடுக்கியிருந்ததை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சேலத்து வீடு உனக்கு நினைவிருக்காது, நீ கைக்குழந்தை. காலி செய்கிற அன்று வீட்டுக்காரர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு அறையாகப் போய், ஆணி அடித்திருந்த ஒவ்வொரு ஓட்டையையும் சுற்றி ஒரு வட்டம் போட்டார். மொத்தம் 14 வட்டம். அதில் நான்கு, நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. சொன்னோம், கேட்கவில்லை. அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள நம்மிடம் கேமரா ஏது? உன் கையில்தான் எப்போதும் போன் இருக்கிறதே. இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சுவரையும், தாழ்ப்பாளையும், உடைந்திருக்கும் அந்த பாத்ரூம் டைலையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிடு. இரண்டு மாதம் தாமதம்தான், பரவாயில்லை.

அட்வான்ஸ் என்றதும் நினைவு வருகிறது. 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. நீ ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எங்களிடம் சொன்னாய். போகட்டும். அவ்வளவு பணம் அவர் கையில் இருக்கும்போது சுவரில் டிரில் மிஷினை வைக்காதே.

சரி, அலமாரி இல்லாமல் துணியை எங்கே வைப்பது? ஆங்கிள் ரேக் வாங்கு. மளிகைக் கடையிலும் மருந்து கோடவுனிலும் பார்த்திருப்பாய், நீளமாக ஓட்டை போட்ட இரும்புச் சட்டம், தகரத் தட்டு, போல்ட்டு நட்டு. அதையா வீட்டுக்குள் வைப்பது என்று மூக்கைச் சுளிக்காதே, முழுதாகக் கேள். ஸ்பேனர் இருந்தால் உன்கூட இருக்கும் பொண்ணும் நீயும் ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம், அரை மணியில் கழற்றிவிடலாம். கழற்றினால் ஒரு கட்டுச் சட்டமும் ஐந்து தகடும்தான், குட்டி யானையில் ஓரமாகப் படுத்துக்கொள்ளும். தட்டு எந்த உயரத்தில் வேண்டுமோ அந்த ஓட்டையில் மாட்டலாம். வேண்டாம் என்று ஆகிவிட்டால் பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வார்.

ஆறடி உயரம், மூன்றடி அகலம் போதும். ஆழம் மட்டும் 18 அங்குலம் கேள். கடைக்காரர் 15 போதும் என்பார், கேட்காதே. ஹேங்கரே 17 அங்குலம் வருகிறது, 15-இல் மாட்டினால் சட்டையின் தோள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு தட்டை எடுத்துவிட்டு, பக்கத்துச் சட்டங்களின் ஓட்டையில் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியைச் செருகினால் துணி மாட்டும் இடம் ஆயிற்று. அடித்தட்டைத் தரையிலிருந்து ஒரு அடி மேலே ஏற்றி மாட்டு. அந்த ஒரு அடிக்குக் கீழே செருப்பு, பக்கெட் தவிர எதுவும் வேண்டாம். கனமானதெல்லாம் அந்த அடித்தட்டில் இருக்கட்டும், அப்போதுதான் ரேக் ஆடாது. மேல்பக்கத்தை ஜன்னல் கம்பியோடு கட்டுக்கம்பியால் ஒரு கட்டு கட்டிவிடு, சாயாது. வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடு. அந்தச் சுவரில் ஓதம் இருக்கிறது, கீழே பெயிண்ட் பொரிந்திருப்பதை நான் பார்த்தேன். அதே சுவரில் செங்கல் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டப்போகிறேன் என்றாயே, அதுவும் வேண்டாம். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, நீ உரிக்கும்போது பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை இருக்கும்.

இரும்பு ரேக் அசிங்கமாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் சேலை. உன் அம்மிச்சி, என் அம்மா, கட்டிய அரக்குச் சுங்குடிச் சேலை ஒன்று பெட்டியில் சும்மா கிடக்கிறது. சேலை 5.5 மீட்டர், அதாவது 18 அடி. ரேக்குக்கு 7 அடி, படுக்கையறைக் கதவுக்கு 8 அடி, மேலே கம்பி நுழையவும் கீழே மடிக்கவும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மிச்சம் 3 அடியில் ஒரு குஷன் உறை வரும். சேலை அகலம் 45 அங்குலம், ரேக் 36, அதனால் கொஞ்சம் சுருக்கம் விழுந்து தொங்கும், அதுதான் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஸ்பிரிங் வயரை ரேக்கின் ஓட்டையிலேயே கொக்கி போட்டு இழுத்து மாட்டலாம், சுவருக்கு வேலையே இல்லை. நேற்று ராத்திரி அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வெட்டத்தான் கை வரவில்லை. இன்றைக்கு மத்தியானம் வெட்டிவிடுவேன்.

நீ சோபா கேட்டாய். நம் வீட்டுப் பரணில் இரண்டு டிரங்குப் பெட்டி இருக்கிறதே, உன் அப்பா பச்சை பெயிண்ட் அடித்தது. ஏழு வீடும் பார்த்த பெட்டிகள் அவை. பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மேலே மடித்த மெத்தை, அதன்மேல் பவானி ஜமக்காளம். மூன்று பேர் உட்காரலாம். உள்ளே தலையணை, கம்பளி, விருந்தாளி வந்தால் போடுகிற போர்வை. தரையில் அப்படியே வைத்தால் வீடு துடைக்கிற ஈரத்தில் அடியில் துருப்பிடிக்கும், நான்கு மூலைக்கும் மரக்கட்டை கொடு. மழை எச்சரிக்கை வந்தால் ஆளுக்கொரு கைப்பிடி பிடித்துத் தூக்கிச் சமையல் மேடைமேல் வைத்துவிடுங்கள். சோபாவை அப்படித் தூக்க முடியுமா?

ஜமக்காளத்தை இணையத்தில் தேடாதே. பவானி இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அங்கே குழித்தறியில் நெய்ததை நான் பார்த்து வாங்குகிறேன். 2005-இலேயே புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு அது. அந்தப் பெயரில் மில் துணியும் வருகிறது. தூக்கிப் பார்த்தால் கையிலேயே தெரிந்துவிடும், தறியில் நெய்தது கனமாக, கொஞ்சம் முரடாக இருக்கும். சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக இருப்பதை வாங்கவா? உன் வீட்டுச் சுவர் இருக்கிற வெளிறிப்போன நிறத்துக்கு அது ஒன்று போதும், படமே மாட்ட வேண்டாம். படுக்கை விரிப்புக்கும் இங்கே கனி மார்க்கெட் இருக்கிறது. திங்கள் ராத்திரி சந்தை கூடும், செவ்வாய்க்கிழமை நான் போய்ப் பார்க்கிறேன். நீ மாலில் ஒன்று வாங்குகிற விலைக்கு இங்கே மூன்று வரும் என்று எனக்கு நம்பிக்கை.

அந்த ஒட்டுகிற கொக்கி விஷயம். ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் தடாலென்று சத்தம் கேட்டு திருடன் என்று நான் எழுந்து கரண்டியோடு வந்தேனே, அது உன் ஹேண்ட்பேக். கொக்கி மட்டும் விழவில்லை, உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது. அது டிஸ்டெம்பர் அடித்த சுவர். கையால் தேய்த்துப் பார், வெள்ளையாக மாவு ஒட்டினால் அந்தச் சுவரில் எந்தக் கொக்கியும் நிற்காது. டைல்ஸ், கண்ணாடி, பீரோ, பிரிட்ஜ் இவற்றில்தான் நிற்கும். அங்கேயும் எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாகத் துடைத்து, காய்ந்தபின் ஒட்டி, ஒரு நாள் எதுவும் மாட்டாமல் விட்டுவிடு. ஹேண்ட்பேக்குக்குக் கதவின் மேல்விளிம்பில் மாட்டுகிற ஹேங்கர் வாங்கிக்கொள். உரிந்த இடத்துக்குச் சின்னப் பாக்கெட் வால் புட்டி வாங்கி அடைத்துவிட்டு, வீட்டுக்காரரிடம் அது என்ன நிறம் என்று நயமாகக் கேட்டுத் தெரிந்துகொள்.

சமையலறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, நீ சமைப்பதே வாரத்துக்கு இரண்டு நாள். அஞ்சறைப்பெட்டியும் இரண்டு போசிப் பாத்திரமும் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வாங்கி வைத்திருக்கிற ஒரே மாதிரி இருபது கண்ணாடி ஜாடியில் ஏழில்தான் சாமான் இருக்கிறது. இனி ஜாடி வாங்காதே.

லைட்டை மட்டும் உடனே மாற்று. ஹாலில் இருப்பது ஆஸ்பத்திரி வெளிச்சம். பல்ப் அட்டைப்பெட்டியில் 6500 கே என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை. 2700 அல்லது 3000 என்று போட்டிருப்பதைக் கேள், மஞ்சளாக இருக்கும். ஒன்பது வாட் போதும். படிப்பதற்கு அந்த ட்யூப்லைட் இருக்கட்டும், ராத்திரி சாப்பிடும்போது அதை அணைத்துவிட்டு இதைப் போட்டுப் பார். வீட்டையே மாற்றிவிட்ட மாதிரி இருக்கும். மணி பிளாண்ட்டைப் பாட்டில் தண்ணீரில் வைத்திருக்கிறாய், அழகுதான். வாரம் ஒரு தடவை தண்ணீரைக் கொட்டி மாற்று, இல்லாவிட்டால் கொசுப் பண்ணை.

அட்டைப்பெட்டிகளைத் தயவுசெய்து பிரித்துக் காலி செய். கரப்பான்பூச்சி அதற்குள்தான் குடியிருக்கிறது. ஃபிரிஜ்ஜுக்கு அடியில் மருந்து அடித்து என்ன பிரயோஜனம்? எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது என்பது உன் பாடு. காலேஜ் நோட்டுகளை மட்டும் தூக்கிப்போடாதே, இங்கே அனுப்பிவிடு. சர்டிபிகேட், பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் லாஃப்ட்டின் வலது ஓரத்தில் இருக்கட்டும். நான் வைத்துவிட்டு வந்த இரண்டு பட்டுச் சேலையும் அங்கேதான் வெள்ளைத் துணியில் சுற்றி இருக்கின்றன. அதில் அந்துருண்டை போடாதே, ஜரிகை கறுத்துவிடும். வசம்புத் துண்டு வைத்திருக்கிறேன்.

அப்பா வருகிற சனிக்கிழமை வருகிறார். டிரங்குப் பெட்டிகளை பஸ் பார்சலில் போடுவதா, அவரே ரயிலில் கொண்டுவருவதா என்று இரண்டு நாளாக இங்கே பட்டிமன்றம் நடக்கிறது. ரேக்கை அவர் வந்தபின் வாங்கிக்கொள்ளுங்கள், பேரம் அவர் பேசட்டும், நீ பேசினால் கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிடுவாய்.

அதற்கு முன்னால் எனக்கு இரண்டு அளவு வேண்டும். படுக்கையறைக் கதவின் அகலம், ஜன்னலின் உயரம். டேப்பால் அளந்து அங்குலத்தில் அனுப்பு. போன தடவை மாதிரி "என் தோள் வரைக்கும் வருதும்மா" என்று அனுப்பாதே.

அன்புடன்,
அம்மா