அம்மாவுக்கு, வெள்ளவத்தையிலிருந்து

வெள்ளவத்தை, கொழும்பு
ஆகஸ்ட் 18

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்று நாளாக நீ போன் செய்யும்போதெல்லாம் இவரே எடுத்துப் பேசுகிறார் என்று உனக்கு மனத்தாங்கல் இருக்கும். தொண்டை மறுபடியும் கட்டிக்கொண்டது அம்மா. எச்சில் விழுங்கவே யோசனையாக இருக்கிறது. ஒரு வாரம் குரலுக்கு ஓய்வு கொடுக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் கடிதம். இன்னொரு காரணமும் உண்டு. போனில் டான்சிலை எடுக்கும் ஆபரேஷன் என்று வாயெடுத்தாலே நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், நானும் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுகிறேன். எழுதினால் முழுக்கச் சொல்லிவிடலாம். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டு.

முதலில் வீட்டைப் பற்றி. இந்த ஜூலையோடு இங்கே வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறோம். சந்து என்று சொன்னால் இங்கே யாருக்கும் புரிகிறது, ஆனாலும் ஒழுங்கை என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒழுங்கை முனையில் மரைன் டிரைவ், அதைத் தாண்டி ரயில் பாதை, அதற்கப்புறம் கடல். ரயில் போகும்போது பாட்டு வகுப்பில் ஒரு நிமிடம் நிறுத்துவோம். பிள்ளைகள் ‘ஸா’வைப் பிடித்தபடியே காத்திருப்பார்கள். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிகள் துருப்பிடித்து உதிர்கின்றன. வைகாசியில் மழை தொடங்கினால் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. மதுரை வெயிலை நான் திட்டியதெல்லாம் நினைவு வருகிறது.

இப்போது என்னிடம் பதினான்கு பிள்ளைகள் பாட்டுப் படிக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். வந்த புதிதில் எனக்கு ஜலதோஷம் பிடித்திருந்தபோது ஒரு பிள்ளையின் அம்மா வாசலில் நின்று, “டீச்சருக்கு வருத்தமோ?” என்று கேட்டார். “எனக்கு என்னங்க வருத்தம், உங்க பொண்ணு நல்லாத்தான் பாடுறா” என்றேன். அவர் திகைத்துப்போய்விட்டார். இங்கே வருத்தம் என்றால் உடம்புக்கு முடியாமல் இருப்பது, அம்மா. விளங்கியதும் இருவரும் சிரித்தோம். மறுநாள் கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்த தண்ணீரைப் பிளாஸ்கில் கொண்டுவந்து தந்தார். “கனக்கக் கதைக்காதேங்கோ, குடியுங்கோ” என்றார். அன்றிலிருந்து எனக்குத் தொண்டை கட்டினால் அந்தப் பிளாஸ்க் வந்துவிடும்.

இனி உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். கோபப்படாமல் கேள்.

மே மாதம் சித்தி மகள் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. வேலை இருக்கிறது என்று சொன்னேன். உண்மையில் அந்த வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இடப்பக்கம் மட்டும் வலி, காது வரைக்கும் குத்தியது. இரண்டாம் நாள் ராத்திரி வாயைத் திறக்க முடியவில்லை. ஒரு விரல்தான் உள்ளே போகும். எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு, வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி வந்தது. சின்னவன் என் குரலைக் கேட்டு அழுதுவிட்டான். இரவு இரண்டு மணிக்கு இவர் ஆட்டோ பிடித்து அழைத்துப்போனார். காலி வீதி அப்படி ஆளில்லாமல் கிடந்து நான் பார்த்ததே இல்லை.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். இடது டான்சிலுக்குப் பின்னால் சீழ் கோத்து, உள்நாக்கை வலப்பக்கம் தள்ளிவிட்டிருந்தது. குயின்சி என்றார். மரத்துப்போக மருந்து அடித்துவிட்டு, நீளமான ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்தார். சிரிஞ்சில் மஞ்சள் பழுப்பாக ஏறியதை நானே பார்த்தேன். நாற்றம் தாங்க முடியவில்லை. ஆனால் ஊசியை வெளியே எடுத்த அந்த நிமிடமே ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன் அம்மா. இரண்டு நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றி அனுப்பினார்கள். உன்னிடம் சொன்னால் கல்யாண வீட்டை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று இவரையும் சொல்லவிடவில்லை. அது தப்புதான்.

நான் கட்டணம் எழுதும் நோட்டில் வகுப்பு நடக்காத நாட்களைச் சிவப்பு மையில் எழுதுவேன். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போவதற்கு முன்னால் அதைப் புரட்டி, தொண்டை வலி எத்தனை தடவை வந்தது என்று எண்ணினேன். முந்தின வருடம் ஐந்து தடவை, போன வருடம் ஆறு தடவை. இந்த வருடம் ஆகஸ்டுக்குள்ளேயே நான்கு, அதில் ஒன்று குயின்சி. ஒவ்வொரு தடவையும் ஆறேழு நாள் படுக்கை. பதினான்கு பிள்ளைகளின் வகுப்பு போனதைவிட, சின்னவன் “அம்மா, உனக்கு எப்பவும் தொண்டை வலியா?” என்று கேட்டதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இங்கே ஸ்பெஷலிஸ்டைப் பார்ப்பதற்கு ‘சேனல் பண்ணுவது’ என்று பெயர். பகலில் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர்களே சாயங்காலம் தனியார் ஆஸ்பத்திரியில் உட்காருவார்கள். பணம் கட்டி நம்பர் வாங்கிக்கொண்டு வராந்தாவில் காத்திருக்க வேண்டும். என் நம்பர் 23. உள்ளே போக ஒன்பது மணி ஆகிவிட்டது. ஆனால் அந்த டாக்டர் அவசரப்படவே இல்லை. என் நோட்டை வாங்கி முழுவதும் பார்த்தார். அதுவே எனக்குப் பாதித் தெம்பு. இதற்கு முன் போய்க்கொண்டிருந்த ஒரு கிளினிக்கில் வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாட்டிக் எழுதித் தருவார்கள். நானும் வலி குறைந்ததும் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவேன். பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாட்டிக் எந்த வேலையும் செய்யாது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி என்றால் பெனிசிலினை அவர்கள் சொல்லும் பத்து நாளும் விடாமல் போட வேண்டும் என்று இந்த டாக்டர் விளக்கினார். இங்கே யாரைக் கேட்டாலும் முதலில் பனடோல் போடு என்பார்கள். நம் ஊர்ப் பாராசிட்டமால்தான் அது. வலிக்கு அது போதும், கிருமிக்கு இல்லை.

டான்சிலை எடுக்கலாமா வேண்டாமா என்பதற்கு டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே வருடத்தில் ஏழு தடவை தொண்டை வலி, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு ஐந்து தடவை, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு மூன்று தடவை. அதுவும் வேலைக்குப் போக முடியாத அளவுக்கு வந்திருக்க வேண்டும். நான் இரண்டாவது கணக்கில் வருகிறேன். குயின்சி வந்தது அதற்கு மேல்.

அப்படியிருந்தும் அவர் உடனே எடுத்துவிடு என்று சொல்லவில்லை. பிரிட்டனில் 27 ஆஸ்பத்திரிகளில் 453 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வைச் சொன்னார். 2023இல் லான்செட் இதழில் வந்ததாம். டான்சிலை உடனே எடுத்தவர்களுக்கு இரண்டு வருடத்தில் நடுவாந்திரமாக 23 நாள் தொண்டை வலி, எடுக்காமல் மருந்தோடு காத்திருந்தவர்களுக்கு 30 நாள். நான் கொஞ்சம் ஏமாந்துதான் போனேன். வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் நோட்டில் போன வருடம் மட்டுமே முப்பது நாளுக்கு மேல் சிவப்பு மை. எனக்கு ஏழு நாள் மிச்சமானாலும் அது ஏழு நாள்தான், அதோடு குயின்சி பயமும் போகும்.

ரத்தம் வருவதைப் பற்றியும் மறைக்க மாட்டேன். அதே ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்ட 231 பேரில் 44 பேருக்கு ரத்தக் கசிவு இருந்தது. நூற்றுக்கு 19 பேர். யாரும் இறக்கவில்லை. சின்னப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் ரத்தமும் வலியும் அதிகம். முதல் 24 மணி நேரத்தில் வரலாம், இல்லையென்றால் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், மேலே படிந்த வெள்ளைப் பொருக்கு உதிரும்போது வரலாம். அந்த வெள்ளையைப் பார்த்துச் சீழ் என்று பயந்துவிடாதே, அது புண் ஆறுவதன் அடையாளம். கொஞ்சமாக ரத்தம் துப்பினாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான்.

இதனால்தான் மதுரையில் வந்து செய்துகொள் என்று நீ சொன்னதற்குச் சம்மதிக்க முடியவில்லை. இரண்டு வாரம் அதே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். விமானம் ஏறவும் கூடாது. பிள்ளைகளை விட்டுவிட்டு அவ்வளவு நாள் என்னால் அங்கே தங்க முடியாது.

“உள்நாக்கை அறுத்துட்டா குரல் போயிரும்” என்று நீ சொன்னது என்னை நிறைய யோசிக்க வைத்தது. உனக்கு மட்டும் இல்லை, எனக்கும் அதே பயம்தான். உள்நாக்கு வேறு, டான்சில் வேறு அம்மா. உள்நாக்கு நடுவில் தொங்குவது, அதை யாரும் தொடப் போவதில்லை. டான்சில் தொண்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் சதை. குரல் பிறக்கிற குரல்நாண் அதற்கும் கீழே, குரல்வளைக்குள் இருக்கிறது. ஆனால் மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் விடும் குழாய் அந்த வழியாகத்தான் போகும். அதனால் நான் பாட்டு டீச்சர் என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தொண்டையின் வடிவம் கொஞ்சம் மாறுவதால் ஆரம்பத்தில் நாதம் எனக்கே வேறு மாதிரி கேட்கலாம், பழகிவிடும் என்றார். போன மாதம் வீங்கியிருந்த நாட்களில் மேல் காந்தாரம் பிடித்தால் கதவைச் சாத்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. அதைவிட மோசமாக என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எதிர்ப்பு சக்தி குறையுமே என்று அப்பா கேட்டார். டான்சிலுக்குச் சின்ன வயதில்தான் வேலை அதிகம். நாக்கின் வேரிலும் தொண்டையைச் சுற்றியும் அதே வகைச் சதை இன்னும் இருக்கிறது. ஒன்பது வயதில் எனக்கு எடுக்கச் சொன்னபோது தானாகச் சுருங்கிவிடும் என்று விட்டீர்களே, அதில் தவறில்லை அப்பா. நிறையப் பேருக்குச் சுருங்கிவிடுகிறது. எனக்குச் சுருங்கவில்லை.

உன் வைத்தியத்தை நான் ஒன்றும் விட்டுவிடவில்லை. கல்லுப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறேன். சித்தரத்தை டப்பா சுருதிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுண்ணாம்பும் தேனும் குழைத்துப் பற்றுப் போட்டேன், சூட்டுக்கு இதமாக இருந்தது. வலி தணிகிறது அம்மா. ஆனால் அடுத்த மாதம் திரும்பி வருவதை அவற்றால் நிறுத்த முடியவில்லை.

அதனால் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் முடிவு செய்தேன் என்று நினைக்காதே. நீ கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் எழுதிக்கொண்டுபோய் டாக்டரிடம் கேட்டேன். டிசம்பரில் இங்கே பள்ளிக்கூடம் விடுமுறை, பாட்டு வகுப்பும் இருக்காது. அப்போது செய்துகொள்கிறேன். திருவெம்பாவைக்குக் கோயிலில் பிள்ளைகள்தான் பாடப்போகிறார்கள், நான் கீழே உட்கார்ந்து தாளம் போட்டால் போதும்.

எனக்கு நீ வேண்டும் அம்மா. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைதான் வலி உச்சத்தில் இருக்குமாம். காதிலும் இறங்குமாம். அந்த நாட்களில் விழுங்குவதை நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் புண் ஆறத் தாமதமாகும். நான் வேண்டாம் என்று முரண்டு பிடிப்பேன், உனக்குத் தெரியும். இவருக்கு என்னை அதட்டத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். மிளகாய் இல்லாமல் தேங்காய்ப்பாலில் வைப்பார்கள், நீ சாப்பிட்டால் உனக்கும் பிடிக்கும். செவ்விளநீர் காலி வீதியில் எங்கும் கிடைக்கும். ஆனால் குழைந்த பருப்புச் சாதத்தில் நெய் விட்டு நீ பிசைந்து கொடுக்க வேண்டும்.

மதுரையிலிருந்து நேர் விமானம் இருக்கிறது, ஒரு மணி நேரம்தான். வானத்தில் நேர்கோடு போட்டால் மதுரைக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம், அப்பாவை மேப்பில் அளந்து பார்க்கச் சொல். விசாவை இவர் பார்த்துக்கொள்வார். டாக்டர் தேதி குறிக்க இந்த மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கு எந்த வாரம் தோதுப்படும் என்று கேட்டு இவரிடம் சொல்லிவிடு. நான் பேசாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

வரும்போது பனங்கற்கண்டு கொண்டு வா.

உன் மகள்