பூ கட்டும் விரலுக்கு மூளையில் எவ்வளவு இடம்?

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

மாவட்ட அறிவியல் கண்காட்சியில் நம் பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் முதல் பரிசு வாங்கியதைப் பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். மூளையின் வரைபடம் பற்றிய ஆய்வு. கையில் இருந்தது ஒரு கொண்டை ஊசி, ஒரு ஸ்கேல், கொஞ்சம் களிமண், அவ்வளவுதான்.

அவருடைய அம்மா வீட்டில் பூ கட்டுகிறார். டிவியைப் பார்த்துக்கொண்டே கட்டுவார், ஒரு பூகூடத் தப்பாது. விரலுக்கு எப்படித் தெரிகிறது என்று மாணவி அறிவியல் ஆசிரியையிடம் வந்து கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது.

கண்ணை மூடச் சொல்லி, ஊசியின் இரு முனைகளாலும் தோலை ஒரே சமயத்தில் மெல்லத் தொட வேண்டும். விரல் நுனியில் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே இரண்டு என்று சொல்லிவிடுவோம். முதுகில் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் வேண்டும். என் முன்கையில் இரண்டு விரல் அகலம் தள்ளி வைத்தார். ஒரு முனைதான் என்று அடித்துச் சொன்னேன். கண்ணைத் திறந்தால் இரண்டும் இருந்தன!

விரல் நுனியில் நரம்பு முனைகள் நெருக்கம். மூளையிலும் அதற்கு இடம் அதிகம். மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், விழித்திருந்த வலிப்பு நோயாளிகளின் மூளையில் லேசாக மின்சாரம் கொடுத்து, உடம்பில் எங்கே உணர்கிறது என்று அவர்களையே கேட்டுக் குறித்தார். 1937இல் அது வெளியானது. மூளையில் இடம் அதிகமுள்ள உறுப்பைப் பெரிதாக்கி வரைந்த ஒரு மனித உருவமும் அதில் இருந்தது. நம் மாணவி தன் அளவுகளை வைத்து அதேபோல ஒரு களிமண் உருவம் செய்தார். பெரிய கை, தடித்த உதடு, ஒல்லி உடம்பு.

“பூ கட்டுகிறவர்களின் விரலுக்கு உணர்வு கூடுதலா?” என்று நடுவர் கேட்டார். “எங்க அம்மாவுக்கும் மத்தவங்களுக்கும் வித்தியாசம் தெரியலைங்க சார். இன்னும் நிறைய பேரை அளந்தாத்தான் சொல்ல முடியும்” என்றார். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதை நோட்டிலும் அப்படியே எழுதியிருந்தார். பரிசைவிட அந்தப் பக்கம்தான் எனக்குப் பெருமை.

சரி, இப்போது உங்கள் உதவி வேண்டும். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி ஆய்வகத்துக்கு வாருங்கள். பூ கட்டுகிறவர்கள், தையல் வேலை செய்கிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள் அவசியம் வர வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க மற்றவர்களும் வேண்டும். ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும். முனையை மழுக்கியிருக்கிறோம், வலிக்காது. காத்திருக்கும் நேரத்தில், சென்னை ஐஐடி 2024இல் வெளியிட்ட ‘தரணி’ என்ற, கருவில் வளரும் குழந்தையின் மூளைப் படத்தொகுப்பைக் கணினியில் பார்க்கலாம். வேலைக்குப் போகிறவர்கள் மாலை 5 மணிக்கு மேல் வந்தாலும் சரி, ஆய்வகம் திறந்திருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்