அந்த அக்கா தங்கையைத் தப்பான ஜெயிலில் அடைத்துவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒன்பது வாரமாக வருகிற அந்தமான் தொடர்கதையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். என் அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷனுக்கு இன்னும் மனசு வரவில்லை, அதனால் ஞாயிறு காலையில் திண்ணையில் உட்கார்ந்து நான் சத்தமாக வாசிப்பேன், அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்பாள். முதல் மூன்று வாரம் கீரை அப்படியே மடியில் கிடந்தது. சமயநல்லூர்ப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர், மூத்தவளின் புருஷனைக் கொன்ற வழக்கில் இருவருக்கும் தீவாந்தர சிட்சை, அதாவது கடல் கடந்து தீவுக்கு நாடு கடத்தும் தண்டனை, மதுரையில் ரயிலேற்றும்போது இளையவள் வைகையை எட்டி எட்டிப் பார்க்கிறாள். கதை 1884இல் நடக்கிறது, தூத்துக்குடி வரைக்கும் 1876லேயே ரயில் ஓடியாயிற்று, ஆகவே அது சரிதான். எங்கள் அப்பத்தாகூட 'தீவாந்தரம் போனவன்' என்றுதான் சொல்லும். அந்த வார்த்தையைப் பேப்பரில் பார்த்ததே எனக்குச் சந்தோஷம்.

கப்பல் கரை தட்டியதும்தான் வம்பு ஆரம்பம். கதாசிரியர் இருவரையும் நேராகச் செல்லுலார் ஜெயிலில் கொண்டுபோய் அடைத்துவிட்டார். அந்தக் கட்டடத்துக்கு வேலை தொடங்கியதே 1896இல், முடிந்தது 1906இல். இல்லாத ஜெயிலில் ஆறு வாரமாக இரண்டு பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். வருஷத்தை மாற்றினாலும் ஆகாது, ஏனென்றால் அது ஆண்களுக்காகக் கட்டியது. பெண் கைதிகளுக்கு சவுத் பாயின்ட் என்ற இடத்தில் தனிச் சிறை இருந்தது.

'கதைதானே அம்மா, விடுங்கள்' என்பீர்கள். விட்டிருப்பேன். ஆனால் எட்டாவது வாரத்தில் அக்காவும் தங்கையும் எதிரெதிர் அறையில் இருந்துகொண்டு கம்பி வழியாக ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துத் தேற்றிக்கொள்கிறார்கள். அதைப் படித்ததும் என் அக்கா, "நிறுத்துடி, நாமதான் பாத்தோம்ல" என்றாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் மகன் எங்கள் இருவரையும் அந்த ஜெயிலைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். அப்போது அந்த ஊர் போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சக்கரத்துக் கம்பி மாதிரி ஏழு பக்கமும் கட்டடம், இப்போது மிச்சம் இருப்பது மூன்றுதான். ஒரு வரிசையின் வாசல் அடுத்த வரிசையின் முதுகைத்தான் பார்க்கும். எதிர் அறை என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது, யார் முகமும் யாருக்கும் தெரியக் கூடாது என்றே யோசித்துக் கட்டியது. அக்கா ஒரு அறைக்குள் போனாள், நான் பக்கத்து அறைக்குள் போனேன். "ஏய்" என்று கூப்பிட்டாள். குரல் வந்தது, ஆள் தெரியவில்லை. மேலே கைக்கு எட்டாத உயரத்தில் சின்னதாக ஒரு திறப்பு, கதவுத் தாழ்ப்பாளோ வெளியே சுவரில் தனியாக ஒரு குழி வெட்டி அதற்குள் போய் உட்கார்கிறது, உள்ளேயிருந்து கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. நான் நீட்டிப் பார்த்தேன். வெளியே வந்தபோது அக்கா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டவள், வண்டி ஏறும்வரை விடவில்லை.

சரி, குறை மட்டும் சொன்னால் போதாது. என் வருத்தமே வேறு. அங்கே இருந்த சட்டதிட்டமே பெரிய கதை, அதை விட்டுவிட்டுக் கதாசிரியர் இருட்டு, எலி, சங்கிலி என்று போய்விட்டார்.

1900ஐ ஒட்டிய வருஷங்களில் இருந்த விதி இது. ஆயுள் தண்டனைப் பெண் ஒருத்தி ஐந்து வருஷம் கழித்தால்தான் கல்யாணத்துக்கோ வீட்டு வேலைக்கோ வெளியே போகலாம், அதுவும் அனுமதியோடு. மற்றபடி பெண்கள் சிறைக்குள்ளேதான். மாப்பிள்ளை யார்? அவனும் கைதிதான். பத்து வருஷம் ஒழுங்காகக் கழித்து, சொந்தமாகப் பயிர் வைத்துப் பிழைத்துக்கொள்ள அனுமதி வாங்கியவன். கல்யாணம் செய்துகொண்டவள் பதினைந்து வருஷத்தில் தீவை விட்டுப் போகலாம், ஆனால் புருஷன் பெண்டாட்டி இருவருடைய தண்டனையும் முடிந்து சேர்ந்துதான் கப்பல் ஏற வேண்டும். கல்யாணமே வேண்டாம் என்றவளுக்கு இருபது வருஷம்.

இதை அந்த அக்கா தங்கை மேல் வைத்துப் பாருங்கள். ஒரே வழக்கு, ஒரே கப்பல், ஒரே நாளில் ஐந்து வருஷம் முடிகிறது. ஒருத்தி கழுத்தை நீட்டினால் வெளியே போகலாம், இன்னொருத்தி உள்ளேயே இருக்க வேண்டும். புருஷனை வெட்டிவிட்டு வந்த மூத்தவளிடம் போய் 'இன்னொரு தாலி கட்டிக்கொள்கிறாயா' என்று சர்க்காரே கேட்கிறது! அங்கே கைதிகளுக்குக் கழுத்தில் ஒரு மரவில்லை தொங்கும், நம்பரும் தண்டனை எந்தச் செக்‌ஷன் என்பதும் விடுதலைத் தேதியும் எழுதியிருக்கும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு கதாசிரியர் எதற்காக எலியைத் தேடிப் போனார் என்று எனக்குப் புரியவில்லை.

அப்புறம் பாஷை. கதையில் வார்டர், கைதிகள், டாக்டர் எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள், அதுவும் மேடைத் தமிழ். அந்தத் தீவில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது இந்துஸ்தானி. பல சீமையிலிருந்து வந்தவர்கள், பர்மாக்காரர்கள்கூட உண்டு. சமயநல்லூர்ப் பேச்சில் 'என்னடி வெஞ்சனம்' என்று கேட்க ஒருத்திக்கு இன்னொருத்திதான் இருந்திருப்பாள். மூத்தவள் வடக்கத்தி ஆள் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டால் இளையவள் தமிழில் யாரிடம் பேசுவாள்? பதினைந்து வருஷம் முடிந்து கப்பல் ஏறும்போது, அவன் ஊருக்கா இவள் ஊருக்கா? எந்த ஊருக்கும் போகாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு, அவர்கள் வம்சம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

கதையை 1884க்குப் பதில் 1900 என்று வைத்திருந்தால் செல்லுலார் ஜெயிலையும் கொண்டுவந்திருக்கலாம். கைதிகளை வைத்துத்தானே அதைக் கட்டினார்கள். மூத்தவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை அதற்குச் செங்கல் சுமந்தவனாக இருக்கட்டுமே.

நம் பக்கத்து ஆட்களை நாடு கடத்தியது அந்தமானோடு ஆரம்பித்ததும் இல்லை. அந்தமானில் கைதிகள் நிலையாக வந்து இறங்கத் தொடங்கியது 1858இல். அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1802இல், சின்ன மருதுவின் பையன் துரைச்சாமியையும் இன்னும் பலரையும் தூத்துக்குடியில் கப்பலேற்றி பினாங்குக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கும் அக்கா தங்கைகள் இருந்திருப்பார்கள். யாராவது எழுதினால் இந்தத் திண்ணையில் இரண்டு பேர் நிச்சயம்.

இன்னும் மூன்று வாரம் என்று போட்டிருக்கிறீர்கள். ஜெயிலை இனி மாற்ற முடியாது என்பது தெரிகிறது, புத்தகமாகப் போடும்போது பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் போன வாரம் இளையவள் பாறை மேல் ஏறி நின்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பதாக முடித்திருக்கிறார், அந்தப் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. அவளைக் குதிக்க மட்டும் விட வேண்டாம் என்று கதாசிரியரிடம் சொல்லுங்கள். குதித்தால் அதற்கடுத்த ஞாயிறிலிருந்து பேப்பரை நிறுத்திவிடு என்று அக்கா இப்போதே சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.