உள்ளூர் வானொலிக்கு ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு,

உள்ளூர் வானொலி நிலையங்கள் நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொண்டு, அலுவலகங்களையும் ஒரே கட்டடத்துக்கு மாற்றவிருப்பதாக வெளியான செய்தியைப் படித்தேன். செலவு குறையும் என்பது சரி. பாட்டும் பேட்டியும் எங்கிருந்து வந்தாலும் கேட்கலாம்தான். ஆனால் மழை, வெள்ளம், விபத்து என்று வந்தால் பக்கத்தில் இருப்பவர் சொன்னால்தான் காரியம் நடக்கும். 2002 ஜனவரி 18 பின்னிரவில், அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்து மைனாட் நகர் அருகே ரயில் தடம் புரண்டு அமோனியா வாயு கசிந்தது. அந்நகரின் ஆறு வணிக வானொலி நிலையங்களும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. எச்சரிக்கை ஒலிபரப்பச் சொல்லி அழைத்தபோது யாரும் கிடைக்கவில்லை என்றது காவல்துறை. அங்கே, ஒலிபரப்பும் ஊரிலோ அதன் அருகிலோ நிலையத்தின் முதன்மை ஸ்டூடியோ இருக்க வேண்டும் என்ற விதியையே 2017-இல் நீக்கிவிட்டார்கள்!

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. ஒரு மழை இரவில் மின்சாரம் போய்விட்டது. பேட்டரி ரேடியோவைத் திருப்பினால், எங்கோ பதிவு செய்த குரல் ‘இதமான மாலைப்பொழுது’ என்று கொஞ்சிக்கொண்டிருந்தது. வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். நிலையத்துக்கு போன் செய்தேன்; மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

பகல் நிகழ்ச்சிகளைப் பகிரட்டும், அலுவலகமும் மாறட்டும். ஒலிபரப்பை இடைமறித்துப் பேச அதிகாரமுள்ள ஒருவரையாவது ஒவ்வோர் ஊரிலும் இரவுப் பணியில் வைத்து, அவருடைய தொலைபேசி எண்ணைக் காவல், தீயணைப்பு நிலையங்களிடம் கொடுத்துவிட வேண்டும்.

— ஒரு வாசகர்