ஒவ்வொரு அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் ஒரு பக்கம்: தொடக்கக் கல்வி இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் இணையதளம் வடிவமைக்கும் தொழிலில் இருக்கிறேன். என் மகள் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த இரண்டும் சேர்ந்துதான் இந்த மடலை எழுத வைக்கின்றன. தமிழ்நாட்டின் ஒவ்வொரு அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் ஓர் இணையப் பக்கம் வேண்டும். அந்தப் பக்கம் அதிகாரிகளின் பார்வைக்கு வைப்பதாக இல்லாமல், பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் அம்மா அப்பாவிடம் பேசுவதாக இருக்க வேண்டும்.

2025-ல் மாணவர் சேர்க்கையை மார்ச் 1ஆம் தேதியே தொடங்கினீர்கள். நல்ல முடிவு. ஆசிரியர்கள் நோட்டீஸோடு வெயிலில் வீடு வீடாகப் போகிறார்கள். ஆனால் அவர்கள் வந்துபோன அன்று இரவு, வேலை முடிந்து படுத்த பிறகு, அந்த வீட்டில் செல்போனை எடுத்துப் பக்கத்தில் இருக்கும் பள்ளிகளைத் தேடிப் பார்க்கிறார்கள். தனியார் பள்ளிகள் வரிசையாக வருகின்றன: வேன் வரும் ஊர்கள், கட்டணம், ஆண்டு விழா வீடியோ. நம் பள்ளி வரைபடத்தில் ஓர் ஆங்கிலச் சுருக்கப் பெயரோடு கிடக்கிறது. ஊரில் எல்லோரும் அதைக் கோயில் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வார்கள். தொட்டால் யாரோ என்றோ எடுத்த ஒரு மங்கலான படம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. நல்லாசிரியர் இருக்கும் பள்ளி, காலையிலும் மதியமும் சோறு போடும் பள்ளி, அந்தத் திரையில் பூட்டிக் கிடக்கும் கட்டடம் மாதிரி தெரிகிறது.

அரசிடம் தகவல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் என்ற தகவல் தளத்தில் ஒவ்வொரு குழந்தையின் வருகையும் ஏறுகிறது. நாட்டின் எல்லாப் பள்ளிகளின் விவரங்களையும் திரட்டும் மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் தளத்தில் பள்ளியின் 11 இலக்க எண்ணைக் கொடுத்தால் வகுப்பறை எத்தனை, கழிப்பறை எத்தனை, ஆசிரியர்கள் எத்தனை பேர் எல்லாம் வந்துவிடும். அந்த எண் எந்தப் பெற்றோருக்குத் தெரியும்? தெரிந்து தேடினாலும் கழிப்பறை 2 என்று வரும். ஒரு தாய் கேட்பது அதையா? "பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம்ல தண்ணி வருதா? கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா?" இதைத்தான் கேட்பார்.

ரேஷன் கடை வரிசையிலும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் காதைக் கொடுத்தால் போதும், அந்த இணையப் பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்பது தெரிந்துவிடும். "ரெண்டே டீச்சராமே, ஒருத்தர் லீவு போட்டா யார் பாத்துப்பா?" "நான் ஏழரைக்குக் கம்பெனி வண்டி ஏறணும். காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு, கேட்டை எப்பத் திறப்பாங்க?" "அங்க இங்கிலீஷ் மீடியம் கிடையாதுல்ல?" கடைசிக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் 2012-13ஆம் கல்வியாண்டிலேயே தொடங்கிவிட்டன. தன் ஊர்ப் பள்ளியில் அந்தப் பிரிவு இருக்கிறதா இல்லையா என்பது தெரியாமலேயே பலர் தனியார் பள்ளிக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். அதேபோல, அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு உள்ள 20 விழுக்காட்டு முன்னுரிமைக்கு, 2020-ல் செய்த திருத்தத்தின்படி, பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் முடித்திருக்க வேண்டும். முதல் வகுப்பில் எடுக்கும் முடிவு இருபது வருடம் கழித்து வந்து நிற்கும் என்பதை அந்தப் பெற்றோருக்கு முதல் வகுப்பில் யாராவது சொல்ல வேண்டாமா?

சரி, அந்தப் பக்கம் எப்படி இருக்க வேண்டும்?

முதலில் பள்ளியின் வாசல். ஊரில் அழைக்கும் பெயரும் அரசுப் பெயரும் சேர்ந்தே இருக்கட்டும். அதன் கீழே தலைமையாசிரியரின் முகமும் அவருடைய சொந்தக் குரலில் அரை நிமிட வரவேற்பும். வாசிக்கத் தெரியாத பாட்டியும் அழுத்திக் கேட்கலாம். அமைச்சர்கள் படம், ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை, தானே மாறிக்கொண்டிருக்கும் படங்கள் ஆகியவற்றைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சின்ன செல்போன் திரையில் இவை இடத்தை அடைத்துவிட்டு, கேட் திறக்கும் நேரத்தை மூன்று விரல் தள்ளுக்குக் கீழே தள்ளிவிடும்.

அப்புறம் மொழி. "பெற்றோர் கீழ்க்காணும் ஆவணங்களுடன் தலைமையாசிரியரை அணுகவும்" என்று எழுதினால், ஆவணம் இல்லாதவர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார். "வாங்க. பிறப்புச் சான்றிதழ் இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நாங்கள் வழி சொல்கிறோம்" என்று எழுதலாமே. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவே சொல்கிறது. சட்டம் இவ்வளவு அன்பாக இருக்கும்போது அறிவிப்பு விறைப்பாக இருக்க வேண்டியதில்லை.

காலை உணவைப் பற்றியும் அப்படித்தான் எழுத வேண்டும். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கிய திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. திட்டத்தின் வரலாறு பெற்றோருக்குத் தேவையில்லை. பொங்கல் எந்தக் கிழமை, கிச்சடி எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பரிமாறுகிறார்கள், தட்டு கொண்டுவர வேண்டுமா, இதுதான் தேவை.

பெற்றோரை விட்டுவிட்டு ஐந்து வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். நாளைக்கு முதல் நாள் பள்ளி. இன்று இரவு அம்மாவின் மடியில் உட்கார்ந்து செல்போனில் அது எதைப் பார்த்தால் பயம் தெளியும்? இதற்காகத் தலைமையாசிரியரின் அனுமதியோடு என் மகளின் பள்ளிக்கு ஒரு மாதிரிப் பக்கம் செய்து பார்த்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "புதுசா வர்ற குட்டிப் பிள்ளைக்கு எதையெல்லாம் காட்டணும்?" என்று கேட்டேன். நான் ஸ்மார்ட் வகுப்பறையைக் காட்டுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் நேராகக் குழாயடிக்கு ஓடினார்கள். "இந்தக் குழாய் எட்டும், அந்தக் கடைசிக் குழாய் எட்டாது, அதுல பெரிய பசங்கதான் பிடிப்போம்." அப்புறம் செருப்பு விடும் இடம். அப்புறம் வேப்பமர நிழலில் படுத்திருந்த செவலை நாய். "இது கடிக்காது, இதையும் போட்டோ எடுங்க." அப்புறம் சத்துணவுக் கூடத்தின் சன்னல், அங்கே நிற்கும் அக்காவிடம் இன்னும் வேண்டும் என்றால் கேட்கலாமாம். கடைசியாக ஒரு பெண், அழுகை வந்தால் போய் உட்காரும் திண்ணையைக் காட்டினாள். டீச்சர் அங்கேதான் வந்து கூட்டிப்போவாராம்.

இந்தப் படங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிள்ளைகளின் குரலையே சேர்த்தேன். எந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தாலும் இப்படி ஒரு பக்கம் வராது. வார்ப்புருவோடு (முன்கூட்டியே செய்துவைத்த பக்க வடிவத்தோடு) விலைக்கு வரும் சிரித்த வெளிநாட்டுக் குழந்தைகளின் படத்தை நம் பள்ளிப் பக்கங்களில் போடவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதும் இதனால்தான்.

ஆனால் நம் பிள்ளைகளின் படத்தைப் போடுவதிலும் கவனம் வேண்டும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்திலேயே தெளிவான தமிழில் ஒரு கேள்வியாக இதைச் சேர்த்துவிடலாம். வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் கேட்கக் கூடாது. முகத்தோடு பெயரையும் ஊரையும் சேர்த்துப் போடாதீர்கள். பரிசு வாங்கிய படம் என்றாலும் அப்படித்தான். வரைந்துகொண்டிருக்கும் கைகள், பின்னாலிருந்து எடுத்த வரிசை, பிள்ளைகள் போட்ட ஓவியம், இவை போதும். ஆசிரியர்களுக்கும் இதே மரியாதை வேண்டும். தலைமையாசிரியரின் சொந்த எண்ணை ஊரெல்லாம் பார்க்கும்படி போடுவது சரியில்லை, குறிப்பாகப் பெண்களுக்கு. பள்ளிக்கென்று தனியாக ஒரு சிம் கார்டு கொடுங்கள்.

தொழில்நுட்பம் பற்றிச் சில சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு தொடங்கும் அரசுத் தளங்கள் பலவும் இங்கேதான் சறுக்குகின்றன. தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் தமிழைப் போட்டால் மேல் வரியின் 'கு' கீழ் வரியின் 'கீ'யின் சுழியில் முட்டும். எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வரி உயரம் வையுங்கள். முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருக்கள் இரண்டும் இலவசம், படிக்க இதமானவை. தலைப்புக்குப் பலூ தம்பி குழந்தைகளுக்குப் பிடிக்கும். எல்லாக் கருவிகளிலும் தமிழ் ஒரேபோலத் தெரிய வைக்கும் ஒருங்குறியை (யூனிகோடு) தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. இன்னமும் பழைய எழுத்துருவில் தட்டிய அறிவிப்பை அப்படியே ஒட்டினால், பெற்றோரின் போனில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். கையெழுத்துப் போட்ட தாளை ஸ்கேன் செய்து ஏற்றுவதும் வேண்டாம். பார்வையற்ற பெற்றோரின் போனில் உள்ள திரைவாசிப்பானால் (திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் செயலியால்) படமாக இருக்கும் தாளை வாசிக்க முடியாது. வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்தும் வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட அளவு. போனில் எடுக்கும் ஒரு படம் 4, 5 எம்பி இருக்கும். ஏற்றும்போதே தளம் அதைத் தானாகச் சுருக்கிவிட வேண்டும், அந்த வேலையை ஆசிரியர் தலையில் கட்டக் கூடாது.

இங்கேதான் என் பெரிய கவலையும் இருக்கிறது. இது ஆசிரியர்களுக்கு இன்னொரு பதிவேடாக மாறிவிடக் கூடாது. ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியரே வகுப்பும் எடுத்து, எமிஸும் பார்த்து, சத்துணவுக் கணக்கும் பார்க்கிறார். தினமும் படம் ஏற்று என்று ஓர் உத்தரவு போட்டால், ஆய்வுக் கூட்டத்தில் எத்தனை பள்ளி ஏற்றியது என்று எண்ணத் தொடங்கினால், அந்தப் பக்கம் அன்றே அதிகாரிக்கானதாகிவிடும். தயவுசெய்து இதற்குத் தரவரிசை வைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதுமான பக்கமாகவே இதை வடிவமைக்கலாம். விடுமுறை, கூட்டம் போன்ற அறிவிப்புகள் தேதி முடிந்ததும் தானாக மறைந்துவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முந்தைய அறிவிப்பு முகப்பில் நின்றால், பள்ளி நடக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடும்.

இடையில் வரும் மாற்றங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு பார்த்துக்கொள்ளும். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவர்களில் ஒருவருக்குக் கடவுச்சொல் கொடுத்து, தலைமையாசிரியரின் ஒப்புதலோடு மாற்றும்படி வைக்கலாம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள், கருவிக்குத் தனிச் செலவு இல்லை.

பள்ளிக்குப் பள்ளி தனித்தனியாகத் தளம் செய்யச் சொல்லவும் வேண்டாம். சிங்கப்பூரில் அரசே உருவாக்கிய ஐசோமர் என்ற பொது அமைப்பில் பள்ளிகளின் தளங்கள் இயங்குகின்றன. வடிவம் பொது, உள்ளடக்கம் அந்தந்தப் பள்ளியுடையது. இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள் சேர்க்கை விவரம் முதல் நிதியைச் செலவழித்த விதம் வரை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று 2012-லிருந்து விதியே இருக்கிறது. நமக்கு ஒரே ஒரு நல்ல வார்ப்புரு போதும். எமிஸில் இருக்கும் விவரம் தானாக வந்து உட்காரட்டும், மிச்சத்தைப் பள்ளி சொல்லட்டும்.

இன்னொன்று. திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒடிசா, பீகார், வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள், நம் பிள்ளைகளைப் போலவே தமிழ் பேசுகிறார்கள். அந்தப் பெற்றோருக்கு அவரவர் மொழியில் நான்கு வரியும் ஒரு குரல் பதிவும் வைத்தால் போதும், இன்னும் எத்தனையோ பிள்ளைகள் செங்கல் சூளையிலிருந்தும் கம்பெனி விடுதியிலிருந்தும் வகுப்பறைக்கு வந்துசேர்வார்கள். பக்கத்தின் அடியில் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் தொட்டால் அழைக்கும்படி இருக்கட்டும்.

அடுத்த சேர்க்கை தொடங்குவதற்குள் ஒரே ஒரு வட்டாரத்தில் இதைச் செய்து பாருங்கள். பள்ளி வாசலிலும் ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் க்யூஆர் குறியீட்டை ஒட்டுங்கள். மூன்று வயதுப் பிள்ளையின் அம்மா தினமும் வந்துபோகும் இடம் அங்கன்வாடிதான். நான் செய்த மாதிரிப் பக்கத்தின் கோப்புகளை எந்தக் கட்டணமும் இல்லாமல் தருகிறேன். அழைத்தால் கல்லூரிச் சாலையில் உள்ள பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்துக்கு நேரில் வந்து காட்டுகிறேன். முடிந்தால் அந்தக் குழாயடியைக் காட்டிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு பேரையும், அவர்கள் பெற்றோர் சம்மதித்தால், கூட்டி வருகிறேன். வடிவமைப்பில் எதை விடக் கூடாது என்பதை அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
அரசுத் தொடக்கப்பள்ளி மாணவி ஒருத்தியின் தாய்